மின்நிலையத்துக்கு எதற்கு ஜெனரேட்டர்?

அணையின் அடிவாரத்தில் இருந்த அந்த மின்நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், சொல்லி வைத்தாற்போல, எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள். டர்பைனைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், குழாயின் பருமனைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள், அதெல்லாம் சரி. வெளியே வரும்போது ஷெட்டுக்குள் சக்கரம் வைத்த டிரெய்லரின் மேல் பச்சை நிறத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் நிற்பதைக் கண்டதும் முகத்தில் ஒரு குறும்பு வந்துவிடும்.

"ஊருக்கே கரண்டு அனுப்பற இடத்துக்கு ஜெனரேட்டர் எதுக்குங்க?"

கேட்கிற ஒவ்வொருவரும் இந்த நகைச்சுவையை உலகத்தில் தாம்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்கள். நிலையத்தின் பொறுப்பாளர் மேடம் மட்டும் சிரிக்க மாட்டாள். அவளும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்வாள். நிற்கிற மிஷினை ஓட வைக்க வேண்டுமென்றால் தண்ணீரை உள்ளே விடும் இரும்புக் கதவுகள் திறக்க வேண்டும். கதவு திறக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் ஏற ஒரு பம்பு ஓட வேண்டும். பம்பு ஓடக் கரண்டு வேண்டும். சாதாரண நாளில் அந்தக் கரண்டு வெளிக்கம்பி வழியாக வந்துவிடும். என்றைக்காவது எல்லாக் கம்பிகளும் ஒரேயடியாகச் செத்துப்போனால், அந்த முதல் மடக்குக் கரண்டைக் கொடுக்க வேண்டியது இந்தப் பச்சைப் பெட்டிதான். அன்றைக்குப் பெரிய நிலக்கரி நிலையங்கள்கூடத் தானாக எழுந்திருக்க முடியாது, நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்று முடிப்பாள்.

"அப்படி ஒரு நாள் வந்திருக்கா மேடம்?"

"இதுவரைக்கும் இல்ல."

அதற்கும் ஒரு சிரிப்பு எழும். அவள் அதையும் பொறுத்துக்கொள்வாள்.

நிலையத்தில் அவளுக்கு 'ரூல்' என்று பெயர். வைத்தவர் மிஷினை இயக்கும் ஆபரேட்டர். அவள் காதுபடச் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தலைக்கவசம் போடாமல் மிஷின் தளத்துக்குள் காலை வைத்தால் சொந்த மேலதிகாரியையே வாசலில் நிறுத்திவிடுவாள். ஊழியர் குவார்ட்டர்ஸில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு நிலையத்தின் மடக்கு நாற்காலிகளைக் கேட்டபோது, "அது நிலையத்துச் சொத்து" என்று கையை விரித்துவிட்டு, தன் வீட்டு சோபாவைத் தூக்கிக் கொடுத்தவள். கெட்டவள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவது மட்டும் நடக்காத காரியம்.

இது அவள் தம்பிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது, 'சவுண்டு'. சின்ன வயதில் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பாள், அவன் இன்னொரு மூலையில் ரேடியோவை அலற விடுவான். "வால்யூமைக் குறைடா" என்பதுதான் அந்த வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட வாக்கியம். ஒரு தடவைகூட அவன் குறைத்ததில்லை. வளர்ந்த பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டான். ஸ்பீக்கர், மைக், கலர் லைட் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. அக்கா அணைக்கட்டில் கரண்டு தயார் பண்ணுகிறாள், தம்பி அதைச் சத்தமாக மாற்றி ஊர் காதைக் கிழிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவள் கண்ணுக்கு அது ஒரு தொழிலாகவே படவில்லை. அவனும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. அக்காவிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்று என்பது அவனுடைய கணக்கு.

அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை காலையில் நிலையத்து வாசலில் வந்து நின்றான்.

"என்னடா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சும்மா வந்தவன் முகம் இப்படித் தொங்கிப்போய் இருக்காது. அவள் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் கொட்டினான். கீழே ஊரில் விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டு விழா, மைதானத்தில் பாட்டுக் கச்சேரி, முதன்முதலாக அவ்வளவு பெரிய மேடை இவன் கைக்கு வந்திருக்கிறது. மைதானத்துப் பழைய ஒயரிங் அவ்வளவு லைட்டையும் தாங்காது, அதனால் ஒரு ஜெனரேட்டரைப் பேசி வைத்திருந்தான். ஜெனரேட்டர்காரன் காலையில் போனை எடுத்து, "வேற பார்ட்டிக்குக் குடுத்துட்டேன், கோவிச்சுக்காத" என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கம்பக்கத்து ஊரெல்லாம் விசாரித்தாகிவிட்டது. எங்கேயும் இல்லை.

சொல்லி முடித்தவன் எதையும் கேட்கவில்லை. பச்சைப் பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவன் அணையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், வாட்ச்மேன் நாற்காலியைப் பார்த்தான், அந்த ஒரு பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. கெஞ்சியிருந்தால் வழக்கம்போல 'முடியாது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உள்ளே போயிருப்பாள்.

"சரிக்கா, வரேன்" என்று கிளம்பிவிட்டான். பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது ஒரு நடை நடப்பான். அதே நடையில் கேட் வரைக்கும் போனான்.

"டேய், நில்லு."

ஷெட்டுக்குள் போய்ச் சங்கிலியின் பூட்டைத் தன் கையாலேயே திறந்தாள். சங்கிலி விழுந்த சத்தம் கேட்டு ஆபரேட்டர் வெளியே வந்தார். அவளையும் பார்த்தார், பூட்டையும் பார்த்தார், பிறகு மழை ஏதாவது வரப்போகிறதா என்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கச்சேரி முடிஞ்ச கையோட திரும்பி வரணும். டாங்க் நிரப்பி வரணும். யாரு கேட்டாலும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு மூச்சு விடக் கூடாது."

மூன்றாவது நிபந்தனை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சவுண்டு, பச்சைப் பெட்டியின் மேலிருந்த நிலையத்துப் பெயரைக் கச்சேரி போஸ்டரால் மூடி ஒட்டினான். நன்றி சொல்லவில்லை. "நெஜமாவாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பாட்டுக் கோஷ்டியின் வேனைக் கூப்பிட்டு டிரெய்லரை இழுத்துப் போனபோது, அதில் கட்டியிருந்த ரிசர்வ் டீசல் கேனும் பெட்டியோடு சேர்ந்து போனது.

பகல் முழுக்க அவள் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தாள். அணை நிறையத் தண்ணீர் இருக்கிறது. மிஷின் ஜம்மென்று ஓடுகிறது. தன் சர்வீஸில் எல்லா நிலையங்களையும் இணைக்கிற கிரிட் மொத்தமும் விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு சாயங்காலம்தானே. வாதமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஷெட் பக்கம் போய் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மிஷின் சத்தம் நின்றது.

மின்நிலையத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ரீங்காரம் கேட்கவே கேட்காது, நிற்கும்போதுதான் கேட்கும். தொலைவில் எங்கேயோ ஒரு லைன் விழுந்து, அதன் பாரம் பக்கத்து லைனின் தலையில் விடிந்து, அது அடுத்ததைச் சாய்த்து, கடைசியில் கிரிட் மொத்தமும் படுத்துவிட்டது. இவர்கள் மிஷின் தன் பாதுகாப்புக்காகக் கதவுகளைத் தானே மூடிக்கொண்டது. மூடுகிற அவசரத்தில் தொட்டியில் இருந்த எண்ணெய் அழுத்தத்தையெல்லாம் செலவழித்துவிட்டது. பேட்டரி விளக்குகள் மட்டும் மஞ்சளாக எரிந்தன. ஆபரேட்டர், மிஷினுக்கு மசகு போடும் 'கிரீஸ்', மேடம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேடம் பால்கனிக்கு ஓடினாள். அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தினமும் இந்நேரத்துக்கு ஊர் வெளிச்சமாக இருக்கும். இப்போது வழித்துத் துடைத்தாற்போல இருந்தது.

ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்தப் பெரிய இருட்டுக்கு நட்ட நடுவில் ஒரு மைதானம் மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது. எரிந்தால்கூடப் பரவாயில்லை, சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறிச் சுற்றியது. ஊரெல்லாம் பார்க்கும்படி, கலர் லைட் போட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்பதுபோல அவளுக்கு இருந்தது.

உள்ளே போன் அடித்தது. எந்த நிலையம் எப்போது எவ்வளவு கரண்டு தர வேண்டும் என்று சொல்கிற லோடு சென்டர்.

"மேடம், மொத்தமும் காலி. நீங்கதான் மொதல்ல எழுந்திரிக்கணும். உங்க கரண்டு வந்தாத்தான் நிலக்கரி ஸ்டேஷனையே எழுப்ப முடியும். ஆஸ்பத்திரி பேட்டரில ஓடிட்டு இருக்கு, அது எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியல. ஜெனரேட்டரப் போட்டு மிஷினக் கெளப்புங்க."

ஆபரேட்டர் அவள் காதருகே வந்து, "ரிப்பேர்னு சொல்லிடுங்க மேடம்" என்று கிசுகிசுத்தார். நல்ல மனுஷர். அவள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை.

"ஜெனரேட்டர் இங்க இல்ல" என்றாள் அவள்.

"என்னது?"

"இல்ல. ஏன்னு அப்புறம் சொல்றேன். கைப்பம்பு இருக்கு. அதால ஏத்தறோம்."

அந்தக் கைப்பம்பு மிஷின் தளத்துக்குக் கீழே ஒரு மூலையில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு நெம்புகோல், பக்கத்தில் ஒரு அழுத்தமானி. கட்டிய காலத்தில் வைத்தது. யாரும் தொடுவதில்லை என்றாலும் மேடம் அதை வருஷா வருஷம் பிரித்துத் துடைக்க வைப்பாள், அதற்காக கிரீஸ் வருஷா வருஷம் அவளை மனதுக்குள் திட்டுவான். இன்றைக்கு நெம்புகோல் மறுபேச்சில்லாமல் அசைந்தது. திட்டியதையெல்லாம் கிரீஸ் மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டான்.

அடித்தார்கள். ஆபரேட்டர் அடித்தார், கிரீஸ் அடித்தான், கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் வந்து அடித்தார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் அடித்தாள். அழுத்தமானியின் முள் கொஞ்சம் ஏறும். கை மாற்றிக்கொள்கிற இடைவெளியில் இறங்கிவிடும். பழைய தொட்டி, எங்கேயோ கசிவு. நிறுத்தாமல் ஒரே வேகத்தில் அடித்தால்தான் சிவப்புக் கோட்டைத் தொடும். நாலு பேரும் நாக்குத் தள்ளி உட்கார்ந்தபோது முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"நம்மளால ஆகாது மேடம்" என்றார் வாட்ச்மேன். மூச்சு அவருக்குச் சொற்களை முழுதாக விடவில்லை.

அவள் மொபைலை எடுத்தாள். தம்பி எண்ணைப் போட்டாள். எடுத்த உடனேயே காதைப் பிளக்கும் பாட்டு, அதற்கு மேல் அவன் குரல்.

"அக்கா! ஊர் பூரா கரண்டு போச்சு, தெரியுமா? வீட்ல இருந்தவங்க எல்லாம் கெளம்பி இங்க வந்துட்டாங்க! இவ்ளோ கூட்டத்த நான் பாத்ததே இல்ல! எல்லாம் உன் புண்ணியம்!"

அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. 'அதைக் கழற்றிக்கொண்டு வா' என்று எந்த வாயால் சொல்வது?

"அக்கா? லைன்ல இருக்கியா?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"ஊர் பூரா கரண்டு போச்சுன்னா… உனக்கு இது இப்ப வேணும் இல்ல?"

"ம்" என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது.

"வரேன்."

ஏன், எதற்கு, முடியாதா, கொஞ்ச நேரம் பொறுத்து என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, நீலம், பச்சை. பிறகு பொசுக்கென்று மைதானமும் அணைந்தது. பள்ளத்தாக்கில் இப்போது ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஆபரேட்டர் கீழே இருந்ததால் கொஞ்சம் அழவும் செய்தாள்.

மைதானத்தில் நடந்தது பிற்பாடுதான் தெரிந்தது. சவுண்டு நேராக மேடையேறிப் பாடகர் கையிலிருந்த மைக்கை வாங்கினானாம். "எல்லாரும் மன்னிக்கணும். இந்த ஜெனரேட்டர் அணைக்கட்டோடது. இது மேல போனாத்தான் எல்லார் வீட்லயும் லைட் எரியும். கொஞ்ச நேரம் இருட்டுல உக்காந்திருங்க, பாட்டு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றானாம். கூட்டம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பது இருக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர், மின்துறையின் மேலதிகாரி, எல்லோரும் 'பெரிய சார்' என்று கூப்பிடுகிறவர், திறந்த வாயை மூடவே இல்லையாம். மேடை விளக்கின் பொத்தானை அழுத்தி விழாவைத் தொடங்கி வைத்ததே அவர்தான். "எவ்வளவு சீரான மின்சாரம், பாருங்கள்" என்று பேசியும் இருந்தார்.

ஹாரன் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். பாட்டுக் கோஷ்டியின் வேன், அதன் பின்னால் பச்சைப் பெட்டி. வேனுக்குள்ளிருந்து சவுண்டு குதித்தான், பிறகு கோஷ்டி மொத்தமும் இறங்கியது. டிரெய்லரை இழுக்கிற கொக்கி அந்த வேனில் மட்டும்தான் இருந்ததாம், அவசரத்தில் யாரையும் இறங்கச் சொல்லத் தோன்றவில்லையாம். கடைசியாக இறங்கியவர் பெரிய சார். சட்டையில் 'சிறப்பு விருந்தினர்' என்ற பட்டு ரோஜா பேட்ஜ் இன்னும் குத்தியிருந்தது. மேடத்துக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது.

"அப்புறம் பேசலாம்" என்றார் அவர். "மொதல்ல கெளப்புங்க."

பெட்டியை இழுத்து வந்து ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது. ஆபரேட்டர் டாங்கைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடியில் ஈரம்தான் இருந்தது.

"டேய்!" என்றாள் அவள்.

"கச்சேரி முடிஞ்சு வர்றப்ப நிரப்பலாம்னு இருந்தேங்கா. மத்தியானத்துலேர்ந்து ஒத்திகை, ரிசர்வ் கேனும் தீந்துபோச்சு. வர்ற வழியில பங்க்ல நிறுத்தினேன். பங்க்ல பம்பு ஓடல."

"ஏன் ஓடல?"

"கரண்டு இல்ல" என்றான் சவுண்டு.

டீசல் வேண்டுமென்றால் கரண்டு வேண்டும், கரண்டு வேண்டுமென்றால் டீசல் வேண்டும். வேன் பெட்ரோல் வண்டி. நிலையத்து டீசல் ஜீப்பை டிரைவர் ஊருக்கு எடுத்துப் போயிருந்தார். கிரீஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளப் பார்த்து விக்கலாக்கிக்கொண்டான். பெரிய சார் நெற்றியைத் தேய்த்தார்.

மேடம் மட்டும் வேனைப் பார்த்தாள். வேனைச் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தாள். பாடகர், கிதார்காரர், கீபோர்டுகாரர், லைட் பிடிக்கிற இரண்டு பேர், தோள் இரண்டும் பாறைபோல இருந்த டிரம்ஸ்காரர்.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். பிறகு அவள் அவளாகவே ஆகி, "தலைக்கவசம் போட்டுட்டு" என்று சேர்த்துக்கொண்டாள்.

நெம்புகோலில் இரண்டிரண்டு பேராக நின்றார்கள். முதலில் ஆளுக்கொரு வேகத்தில் அடித்தார்கள், முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆட்டம் காட்டியது. டிரம்ஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துச் சகிக்க முடியாமல், காலி டீசல் கேனைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"தாளத்துக்கு அடிங்கய்யா. நான் நிறுத்தற வரைக்கும் எவனும் நிறுத்தக் கூடாது. கை மாத்தணும்னா மூணாவது அடியில மாத்துங்க."

தகரக் கேன் அதிர்ந்தது. நெம்புகோல் ஏறியது, இறங்கியது. களைத்தவர் விலகும் அதே அடியில் அடுத்தவர் பிடித்துக்கொண்டார். பாடகருக்கு வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லில்லாமல் ஒரு மெட்டை இழுத்துவிட்டார். பெரிய சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பேட்ஜோடு, சவுண்டுக்கு எதிரில் நின்று அடித்தார். ஆபீசில் அவர் பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கி யாரும் பார்த்ததில்லை. முள் இப்போது இறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மாடிப்படி ஏறுகிறவரைப்போல, நிதானமாகச் சிவப்புக் கோட்டை நோக்கிப் போனது.

"விடாதீங்க… விடாதீங்க… ஆபரேட்டர், கதவு!"

மேலே ஆபரேட்டர் கைப்பிடியைத் திருப்பினார். எங்கோ சுவருக்குள் தண்ணீர் புரள்கிற சத்தம். தரை லேசாக நடுங்கியது. தணிந்த குரலில் ஒரு முனகல், அது வளர்ந்து, உயர்ந்து, பழைய ரீங்காரமாகி நின்றது. தலைக்கு மேல் குழல்விளக்குகள் படபடத்து எரிந்தன. நிலையத்துப் பம்பு தன் சொந்தக் கரண்டில் ஓடத் தொடங்கியது. கேனைத் தட்டுவதை டிரம்ஸ்காரர் நிறுத்தியபோது எல்லோரும் கத்தினார்கள், மேடமும் கத்தினாள். மிஷின் தளத்தில் கூச்சல் போடக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டதே அவள்தான்.

போனில் லோடு சென்டர் வரிசை சொன்னது. முதலில் ஆஸ்பத்திரி. அடுத்து குடிநீர்ப் பம்பு. பிறகு நிலக்கரி நிலையத்துக்குப் போகும் லைன். ஊர் அதற்குப் பிறகு, பகுதி பகுதியாக. ஒரே மிஷின், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி படுத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது. பெரிய சார் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கந்தலில் துடைத்துக்கொண்டே, வாசலில் நின்ற அவளிடம் வந்தார்.

"உங்க தம்பி வேன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாம, கேட்ல ஆள் இல்லாத நேரம் பாத்து, பெட்டிய இழுத்துட்டுப் போயிட்டாராம்."

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் அணையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், வாட்ச்மேன் நாற்காலியைப் பார்த்தான்.

"ஆள் இல்லாத நேரமா?" என்று வாட்ச்மேனுக்குச் சுருக்கென்றது. "சார், என் டியூட்டில ஒரு பூனை கூட…" ஆபரேட்டர் அவர் காலை மிதித்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பெரிய சாருக்கும் அந்தக் கதை வசதியாகத்தான் இருந்தது, பொத்தானை அழுத்திப் பேசியவர் ஆயிற்றே. சொந்த அக்கா வேலை பார்க்கிற இடத்துப் பெட்டி, போலீசுக்கா போகப் போகிறார்கள், திட்டுவதோடு விட்டுவிடுவார்கள். தன் பெயர் தப்பும். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர்.

"இல்ல சார், அவன் பொய் சொல்றான்" என்றாள். "அவன் கேக்கக்கூட இல்ல. நானாத்தான் குடுத்தேன். பூட்டத் தொறந்ததும் நான்தான்."

"அக்கா!"

"நீ சும்மா இருடா."

பெரிய சார் கந்தலைக் கீழே போட்டார். "உங்களுக்கு ஏன் 'ரூல்'னு பேர் வச்சாங்கன்னு இப்பத்தான்மா புரியுது" என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். "விளக்கம் கேட்டு ஆபீஸ்லேர்ந்து வரும். நடவடிக்கை இருக்கும், அத நான் தடுக்க மாட்டேன்."

"தடுக்க வேணாம் சார்."

"மேடை விளக்கு ஸ்விட்சப் போட்டவன் நான்தான்னும் அதுல எழுதத்தான் வேணும்." பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சவுண்டும் கோஷ்டியும் பெரிய சாரும் வேனில் ஏறிக் கீழே போனார்கள். பெட்டி ஷெட்டில் தன் இடத்துக்கு வந்தது. அவள் சங்கிலியைப் போட்டுப் பூட்டினாள். நடவடிக்கை என்ற சொல்லை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது, ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் போயிருந்தது.

குடிநீர்ப் பம்பு ஓடியது. நிலக்கரி நிலையத்துக்கு லைன் போனது. ஊர் ஒவ்வொரு துண்டாக ஒளிரத் தொடங்கியபோது மொபைல் அடித்தது.

"அக்கா, ஜனம் கெளம்பவே இல்ல! எல்லாரும் இருட்டுல உக்காந்து கை தட்டிட்டு இருக்காங்க. பாடகர் தொண்டையாலயே சமாளிக்கறாரு. மேடையில பாதி லைட்ட அவுத்துட்டேன், மைதானத்து ஒயரிங்கே தாங்கும். இந்தப் பக்கத்து லைன எப்போ போடுவ?"

"வரிசை வரும்போது."

"எத்தனாவது?"

"கடைசி."

"ஒரு ஸ்விட்ச்தானே மேடம்" என்றார் பக்கத்திலிருந்த ஆபரேட்டர் மெதுவாக. "யாருக்குத் தெரியப் போகுது?"

அவளுக்கும் கை பரபரத்தது. அந்த ஒரு ஸ்விட்சைப் போடுவதைவிட அந்த நிமிஷத்தில் அவளுக்கு வேறெதிலும் ஆசை இல்லை. ஆனால் காலையில் ஒரு தடவை வரிசையை மீறியாகிவிட்டது.

போனில் அவன் சிரித்தான். "தெரியும். ஜனத்துகிட்டயும் சொல்லிட்டேன், எங்கக்கா வரிசைய மாத்த மாட்டா, பொறுத்திருங்கன்னு. நான் வைக்கல, லைன்லயே இரு."

கடைத்தெருவில் வெளிச்சம் வந்தது. பள்ளிக்கூடப் பக்கம் ஒளிர்ந்தது. ஆற்றோரத்து வீடுகள் ஒளிர்ந்தன. மிஷின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தொய்ந்து, சமாளித்து, நிமிர்ந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டில் கைதட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் லோடு சென்டர் அந்த லைனின் பெயரைச் சொன்னது.

"நகருங்க" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, அந்த ஸ்விட்சை அவளே போட்டாள்.

பள்ளத்தாக்கின் நடுவில் மைதானம் ஒளிர்ந்தது. போனில் எழுந்த ஆரவாரத்தில் மொபைலே நடுங்கியது. அதற்கு மேல் ஸ்பீக்கரில் அவன் குரல் முழங்கியது.

"செக்… செக்… வந்துருச்சு! இந்தக் கரண்டு எங்கக்கா அனுப்பினது! அக்கா, போன மைக்குக்கிட்ட வச்சிருக்கேன். எல்லாரும் கேக்கறாங்க, எதாவது பேசு!"

பெருமையாக இருக்கிறது என்று சொல்லலாம். எதையும் கேட்காமல் கொடுத்தாயே என்று சொல்லலாம். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"வால்யூமைக் குறைடா. மிஷினுக்கு இன்னும் தெம்பு வரல."

மைதானம் மொத்தமும் வாய்விட்டுச் சிரித்தது. அந்த ஸ்பீக்கர்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அந்த மிஷினுக்கு ஒரு கொசுக்கடிதான். அவளுக்கும் தெரியும், அவனுக்கும் நன்றாகவே தெரியும்.

பாட்டு தொடங்கியது. அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் வால்யூமைக் குறைத்திருந்தான்.